பதிவேட்டில் இல்லாத உழவர்: பெருந்தொற்றுக் கால அரசு உதவியும் மலாக்காத் தோட்டத் தமிழரும்

முன்னுரை

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஒன்பதாம் நாள், மார்ச்சு 27இல், 250 பில்லியன் ரிங்கிட் மதிப்பிலான 'பிரிஹாத்தின்' பொருளாதார ஊக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அத்திட்டத்தின்கீழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கப்படும் என்னும் செய்தி வானொலியிலும் நாளேடுகளிலும் பரவியது. அவ்வாரத்தில் ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் வாழும், இக்கட்டுரையாளருக்குச் சின்னம்மா முறையாகும் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "விவசாயிங்களுக்குக் காசுன்னு சொல்றாங்களே தம்பி, நாங்க தோட்டத்து ஆளுங்களாச்சே, எங்களுக்கும் உண்டா?" என வினவினார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். மண்ணோடு பிழைத்த ஒருவர் தம்மை விவசாயியாகக் கருதாமைக்கும், அரசின் பட்டியலிலும் அவர் விவசாயியாக இடம்பெறாமைக்கும் உரிய காரணங்கள் ஆராயத்தக்கன.

நெருக்கடிக் காலத்தில் அரசு தரும் உதவி தேவையை மட்டும் பின்தொடர்ந்து செல்வதன்று. அது பதிவேட்டைப் பின்தொடர்ந்து செல்வது. ஒருவருடைய பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறதோ அந்தப் பதிவேட்டின் வழியாகவே உதவி அவரை அடைகிறது. மலாக்கா மாநிலத் தோட்டத் தமிழர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலத்தைப் பண்படுத்தியவராயினும் நிலப் பதிவேட்டில் பெரும்பாலும் பெயர் பெறாதவர். ஆகவே உழவர்க்குரிய உதவி அவர்களைக் கடந்து சென்றது. குடும்பம் என்னும் முறையில் வந்த உதவியே அவர்களைச் சேர்ந்தது. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் வகைப்பாடும்

தமிழில் 'உழவர்' என்னும் சொல் நிலத்தை உடையவரையும் குறிக்கும். நிலத்தில் உழைப்பவரையும் குறிக்கும். திருக்குறளில் 104ஆம் அதிகாரம் 'உழவு' எனத் தொழிலின் பெயரையே தலைப்பாகக் கொண்டுள்ளது. ஆயினும் நடைமுறையில் தமிழ்நாட்டிலும் 'விவசாயி' வேறு, 'விவசாயக் கூலி' வேறு என்னும் பாகுபாடு நெடுங்காலமாக நிலவி வருகிறது.

மலேசிய அரசு ஆவணங்களில் இப்பாகுபாடு இன்னும் கூர்மையானது. அங்கு 'பெத்தானி', 'பெலாடாங்', 'பெக்கெபுன் கெச்சில்', 'பெக்கெர்ஜா லாடாங்' என நான்கு சொற்கள் வழங்குகின்றன. முதல் இரண்டும் விவசாயியைக் குறிக்கும். மூன்றாவது, சிறுதோட்ட உடைமையாளரைக் குறிக்கும். நான்காவது, தோட்டத் தொழிலாளரைக் குறிக்கும். 'லாடாங்' என்னும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்த 'பெலாடாங்' விவசாயத் துறையின் உதவிக்கு உரியவர் ஆகிறார். 'பெக்கெர்ஜா லாடாங்' தனியார் துறை ஊழியர் ஆகிறார். தமிழ்ச் செய்திகளில் இச்சொற்களுள் சில வேறுபாடின்றி 'விவசாயிகள்' என்று மொழிபெயர்க்கப்படும்பொழுது, தோட்டத்து மக்கள் தமக்கு உரியதை உரியதன்று என்றும், உரியதல்லாததை உரியது என்றும் மயங்க நேரிடுகிறது. மேற்குறித்த சின்னம்மாவின் வினா இம்மயக்கத்தின் வெளிப்பாடே ஆகும்.

மலாக்காவில் நிலமும் தமிழரும்

மலாயாவில் வணிக அளவிலான இரப்பர்ப் பயிரீட்டின் தொட்டில் மலாக்காவே எனலாம். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லியின் ஊக்குவிப்பினால், 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பரைப் பயிரிட்டார். பின்னர் அவர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் அமைத்தார். அதனைத் தொடர்ந்து ஜாசின், மெர்லிமாவ், தெபோங், டுரியான் துங்கால், அலோர் காஜா, புலாவ் செபாங் முதலிய பகுதிகளில் தோட்டங்கள் பெருகின. காடழித்தல், கன்று நடுதல், பால் வெட்டுதல் ஆகியவற்றுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர், பெரும்பாலும் தமிழர், கங்காணி முறையின் வழியாகக் கொண்டுவரப்பட்டனர்.

அவர்கள் வாழ்ந்த லயம் நிருவாகத்துக்கு உரியது. வெட்டிய நிரையும் நிருவாகத்துக்கு உரியது. விடியற்காலைப் பெரட்டில் வாசிக்கப்பட்ட பெயர்ப் பதிவேடு ஒன்றே அவர்களுடைய பெயரைத் தாங்கி நின்றது. நிலத்தை விலைக்கு வாங்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறுகியதாகவே இருந்தது. மலாக்காவின் நாட்டுப்புற நிலங்களில் கணிசமான பகுதி 'மலாக்கா வழக்காற்று நிலம்' என்னும் வகையைச் சார்ந்தது. 1963ஆம் ஆண்டின் பினாங்கு, மலாக்கா நிலப்பட்டாச் சட்டம் அவ்வகை நிலத்தைப் பெரிதும் மலாய்க்காரர்க்கே உரியதாக வரையறுத்துள்ளது. பெல்டா நிலக் குடியேற்றத் திட்டங்கள் 1956க்குப் பின் தோன்றியபொழுதும் அவற்றில் இந்தியர் மிகச் சிலரே இடம்பெற்றனர்.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றன. அதனால் வேலையும் வீடும் ஒருங்கே இழந்த தொழிலாளர் பலர். இந்நிலையை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கிய இம்முயற்சி மலேசியத் தமிழர் வரலாற்றில் தனியிடம் பெறுவது. எனினும் இங்கும் ஒன்றை நோக்குதல் வேண்டும். நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது. தொழிலாளர் பங்குதாரர் ஆயினர். பங்குச் சான்றிதழ் பெற்றவர் 'சிறுதோட்ட உடைமையாளர்' என்னும் வகையில் அடங்குவதில்லை. ஆகவே கூட்டுடைமையும் அவர்களை நிலப் பதிவேட்டில் தனிநபராகச் சேர்க்கவில்லை.

முன்னைய நெருக்கடியும் உதவியும்

பெருந்தொற்றும் பொருளாதார வீழ்ச்சியும் தோட்டத் தமிழர்க்குப் புதியன அல்ல. 1918ஆம் ஆண்டின் இறுதியில் பரவிய நச்சுக்காய்ச்சல், நெருக்கமான லயங்களில் வாழ்ந்த தொழிலாளரைக் கடுமையாகத் தாக்கியது. அக்காலத்தில் நோயுற்றவர்க்குப் பணமாக உதவி வழங்கும் எண்ணமே அரசிடம் இருந்திலது. மருத்துவம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக விடப்பட்டது.

ஆயினும் தமிழ்த் தொழிலாளரை மட்டுமே முன்னிட்டு அமைந்த நிதியம் ஒன்று அப்பொழுதே இருந்தது. 1907இல் சட்டத்தின் வழி நிறுவப்பட்ட அக்குடியேற்ற நிதியம் பின்னர் இந்தியர் குடியேற்ற நிதியம் என வழங்கப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளர் செய்த வேலை நாள்களைக் கணக்கிட்டு முதலாளிமார் அதற்குக் கட்டணம் செலுத்தினர். அதாவது தொழிலாளரின் ஒவ்வொரு நாள் உழைப்பும் ஒரு பதிவேட்டில் ஏறி, அதற்கு ஈடான தொகை நிதியத்தில் சேர்ந்தது.

அந்நிதியம் எதற்குப் பயன்பட்டது என்பது கருதத்தக்கது. அதன் முதன்மைச் செலவு தொழிலாளரைக் கப்பலேற்றிக் கொண்டுவருவதாகும். 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து இரப்பர் விலை சரிந்தபொழுது, ஆடவரின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகக் குறைக்கப்பட்டது. பின்னர் மேலும் குறைந்தது. 1930க்கும் 1933க்கும் இடையே ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நெருக்கடியில் தமிழ்த் தொழிலாளர்க்குக் கிடைத்த உதவி ஒரு கப்பல் சீட்டேயாகும். அக்காலத்தில் இரப்பர் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின்கீழ் நிலமுடையவர்க்கு விற்பனை உரிமைச் சீட்டுகள் வழங்கப்பட்டன; அவற்றில் சிறுதோட்டக்காரர்க்கு உரிய பங்கு கிட்டவில்லை என்னும் குறை இருந்தது உண்மையே. எனினும் அக்குறையை எழுப்புவதற்கேனும் அவர்க்கு நிலப்பட்டா இருந்தது. பால் வெட்டியவர்க்கு அதுவும் இல்லை.

இந்நிதியம் 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியமாக மாற்றியமைக்கப்பட்டு, 1999இல் கலைக்கப்பட்டது. அதன்பின் தோட்டத் தமிழரைத் தனி வகையாகக் கொண்ட பொது நிதியம் எதுவும் இல்லாத நிலையிலேயே 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று வந்தது.

2020இல் உதவி வந்த வழிகள்

பெருந்தொற்றுக் காலத்தில் கிராமப்புற மலேசியருக்கு உதவி மூன்று வழிகளில் வந்தது எனப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, குடும்பம் என்னும் முறையில் வந்த உதவி. 'பந்துவான் பிரிஹாத்தின் நேசனல்' என்னும் அவ்வுதவித்தொகைக்கு ஏறத்தாழ 10 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. மாத வருமானம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத குடும்பங்களுக்கு 1,600 ரிங்கிட்டும், 4,001 முதல் 8,000 வரை ஈட்டும் குடும்பங்களுக்கு 1,000 ரிங்கிட்டும் அறிவிக்கப்பட்டன. 21 வயதுக்கு மேற்பட்ட மணமாகாதவருள் 2,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத வருமானம் உடையவர்க்கு 800 ரிங்கிட்டும், 4,000 வரை ஈட்டுபவர்க்கு 500 ரிங்கிட்டும் உரியனவாயின. இத்தொகை ஏப்ரல், மே ஆகிய இரு மாதங்களில் தவணையாக வழங்கப்பட்டது. அறிவிப்பில் தனியார் துறை ஊழியர், பெல்டா குடியேறிகள், விவசாயிகள், மீனவர், சிறு வணிகர் ஆகியோர் பெயர் சுட்டிக் குறிப்பிடப்பட்டனர். இப்பட்டியலில் தோட்டத் தொழிலாளரைத் தேடுவோர் அவரை 'விவசாயிகள்' என்பதன்கீழ் அன்று, 'தனியார் துறை ஊழியர்' என்பதன்கீழேயே காண இயலும்.

இரண்டாவது, தொழில்வழி வந்த விவசாய உதவி. உணவு உறுதிப்பாட்டுக்கென 1 பில்லியன் ரிங்கிட் நிதி அறிவிக்கப்பட்டது. மூன்று முதல் ஆறு மாதங்களில் பலன் தரும் உணவுப் பயிர்த் திட்டங்களுக்காக வட்டார விவசாயிகள் சங்கங்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் 1 இலட்சம் முதல் 2 இலட்சம் ரிங்கிட் வரை தரப்படும் என்றும் கூறப்பட்டது. இவ்வுதவி சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டைப் பின்தொடர்ந்து செல்வது. இரப்பரைப் பொறுத்தவரை, 2015 முதல் நடைமுறையில் இருந்த இரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை பெருந்தொற்றுக் காலத்திலும் கைகொடுத்தது. கட்டிப்பாலின் விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்கினால் அக்குறையை அரசு ஈடுசெய்வது இதன் முறையாகும். 2020இல் அவ்வளவு கிலோவுக்கு 2 ரிங்கிட் 50 காசாக இருந்தது. 2024இல் அது 3 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இதனைப் பெற மலேசிய இரப்பர் வாரியத்தின் விற்பனை அனுமதி அட்டை வேண்டும். அவ்வட்டைக்கு நிலத்தோடு உள்ள தொடர்பு சான்றுடன் காட்டப்பட வேண்டும். 100 ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டங்கள் சிறுதோட்ட வகையில் அடங்கா. ஆகவே நிறுவனத்தின் மரத்தில் வெட்டுபவர்க்கு இத்தொகையில் இடமில்லை.

மூன்றாவது, முதலாளி வழி வந்த உதவி. ஊதிய உதவித்தொகைத் திட்டத்தின்கீழ், பணியாளரின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒருவருக்கு 600 முதல் 1,200 ரிங்கிட் வரை முதலாளிமார்க்கு வழங்கப்பட்டது. ஆனால் செம்பனைத் தோட்டங்கள் இன்றியமையாத துறையாகக் கருதப்பட்டுக் கட்டுப்பாட்டுக் காலத்திலும் இயங்கின. வருமானம் பாதியாகக் குறைந்த நிறுவனங்களை முன்னிட்டுத் தொடங்கப்பட்ட இத்திட்டம் அவற்றுக்குப் பெரிதும் பொருந்துவதன்று.

இவற்றுடன் ஊழியர் சேம நிதியிலிருந்து 'ஐ-லெஸ்தாரி' திட்டத்தின் வழி மாதம் 500 ரிங்கிட் வரை எடுக்கவும் இசைவளிக்கப்பட்டது. பின்னர் 'ஐ-சினார்', 'ஐ-சித்ரா' எனத் தொடர்ந்த இத்திட்டங்களைப் பலர் அரசு உதவி என்றே கருதினர். உண்மையில் அது தொழிலாளர் தம் முதுமைக்கெனச் சேர்த்த சொந்தப் பணமாகும். இதனை உதவிக் கணக்கில் சேர்ப்பது பொருந்தாது.

மூன்று வீடுகள்

இவ்வழிகள் நடைமுறையில் எவ்வாறு வேறுபட்டன என்பதை விளக்க, அலோர் காஜா வட்டாரத்தில் அடுத்தடுத்து வாழும் மூன்று குடும்பங்களைக் கற்பனையாகக் கொள்வோம். மூன்றும் இரப்பரையோ செம்பனையையோ நம்பி வாழ்பவை. மூன்றின் வருமானமும் 4,000 ரிங்கிட்டுக்குக் கீழ்ப்பட்டது.

முதல் வீட்டார்க்குச் சொந்தமாக நான்கு ஏக்கர் இரப்பர் நிலம் உண்டு; அனுமதி அட்டையும் உண்டு. மாதம் 300 கிலோ கட்டிப்பால் விற்கின்றனர்; விலை கிலோவுக்கு 2 ரிங்கிட்டாக இறங்குகிறது எனக் கொண்டால், கிலோவுக்கு 50 காசு வீதம் 150 ரிங்கிட் ஊக்கத்தொகை கிட்டும். குடும்ப உதவி 1,600 ரிங்கிட் தனியே வரும்.

இரண்டாம் வீட்டார் பிறர் நிலத்தில் பங்குக்குப் பால் வெட்டுபவர். நிலக்காரர் ஒப்புதல் தந்து அட்டை எடுத்திருந்தால் ஊக்கத்தொகை கிட்டக்கூடும். வாய்மொழி ஏற்பாடாக இருந்தால் விற்பனை நிலக்காரர் பெயரிலேயே பதிவாகும். குடும்ப உதவி மட்டும் உறுதி.

மூன்றாம் வீட்டார் செம்பனைத் தோட்டத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர். விவசாய உதவி எதுவும் இல்லை. குடும்ப உதவியான 1,600 ரிங்கிட் ஒன்றே அவர்களுக்கு உரியது.

இங்கு அத்தொகையின் மதிப்பையும் எண்ணிப் பார்த்தல் தகும். 2020 பிப்ரவரி முதல் மாநகர, நகராண்மைக் கழகப் பகுதிகளில் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 ரிங்கிட்டாகவும் பிற பகுதிகளில் 1,100 ரிங்கிட்டாகவும் இருந்தது. இரு மாதங்களுக்கென வந்த 1,600 ரிங்கிட், மாதத்துக்கு 800 எனக் கொண்டால், 1,200 ரிங்கிட் சம்பளத்தில் மூன்றில் இரு பங்காகும். இது சிறு தொகையன்று. அதே ஆண்டு சூலை மாதத்தில் நாட்டின் வறுமைக்கோட்டு வருமானம் குடும்பத்துக்கு 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டது. இது நாடு தழுவிய சராசரி அளவு. இவ்வளவைக் கொண்டு நோக்கின், குறைந்தபட்சச் சம்பளத்தில் இருவர் உழைக்கும் வீடு கோட்டை ஒட்டியே நிற்கிறது. ஒருவர் மட்டும் உழைக்கும் வீடு கோட்டின் பாதியை ஒட்டி நிற்கிறது. அதே வேளையில் செம்பனை எண்ணெயின் விலை உயர்ந்து, 2022 மார்ச்சில் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டையும் தாண்டியது. விளைபொருளின் விலையேற்றம் சம்பளத்தில் ஓரளவேனும் தெரிய, 2022 மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டாக உயரும் வரை காத்திருக்க நேர்ந்தது.

குடும்ப உதவியிலும் நேர்ந்த விடுபாடுகள்

குடும்ப உதவி தொழில் வேறுபாடு பார்க்கவில்லை என்பது அதன் சிறப்பு. நிலப்பட்டா கேட்காத ஓர் உதவி தோட்டத்து வீடுகளை விரைவாக அடைந்தமை பாராட்டத்தக்கது. ஆயினும் அதுவும் ஒரு பதிவேட்டைச் சார்ந்தே நின்றது. வருமான வரி வாரியத்திலும் முன்னைய வாழ்க்கைச் செலவின உதவித் திட்டத்திலும் பெயர் பதிந்தவர்க்குப் பணம் தாமாகவே வந்தது. பிறர் ஏப்ரல் மாதத்துக்குள் இணையவழி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இம்முறையில் மூவகையினர் இடர்ப்பட்டனர்.

ஒருவகையினர், பதிவேட்டில் குடும்பத் தலைவராகக் கணவர் பெயர் இருக்க, உண்மையில் தனித்து வாழும் பெண்கள். தொகை கணவரின் வங்கிக் கணக்குக்குச் சென்றபின் அதனைப் பெறுதல் அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை.

மற்றொருவகையினர், இணைய வசதியும் மலாய்ப் படிவத்தை நிரப்பும் பயிற்சியும் இல்லாத முதியோர். கட்டுப்பாட்டுக் காலத்தில் பிள்ளைகள் நகரத்திலிருந்து வர இயலாத நிலையில் இவர்கள் அயலாரையே சார்ந்திருந்தனர்.

மூன்றாம் வகையினரே பெரிதும் கருதத்தக்கவர். இவர்கள் சிவப்பு அடையாள அட்டை உடைய நிரந்தரவாசிகளும், எந்த ஆவணமும் இல்லாதவர்களும் ஆவர். உதவித்தொகை குடிமக்களுக்கே உரியது. விடுதலைக்கு முன்பே இம்மண்ணில் பிறந்தும், பிறப்புப் பதிவு இன்மையாலோ, தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியதில் ஆவணங்கள் தொலைந்தமையாலோ குடியுரிமை பெறாத முதியோர் தோட்டத் தமிழரிடையே உளர். வாழ்நாள் முழுதும் உழைத்தும், நிலப் பதிவேட்டிலும் இல்லை, குடிமக்கள் பதிவேட்டிலும் இல்லை என்னும் இரட்டை இன்மை இவர்களுடையது.

பிற நாடுகளின் பட்டறிவு

இச்சிக்கல் மலாக்காவுக்கு மட்டும் உரியதன்று. இந்திய நடுவண் அரசின் 'பி.எம். கிசான்' திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. நில ஆவணத்தில் பெயருள்ள உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்குவது அதன் நோக்கம். 2020 மார்ச்சில் பெருந்தொற்று உதவியின் பகுதியாக 2,000 ரூபாய்த் தவணை முன்கூட்டியே தரப்படும் என அறிவிக்கப்பட்டது. குத்தகைக்குப் பயிரிடுவோரும் கூலி உழவரும் இதில் அடங்கவில்லை. மறுபுறம், அதே ஆண்டில் தமிழ்நாட்டில் கடலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் முதலிய மாவட்டங்களில் ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் தகுதியற்றவர் பெயர்கள் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாகச் சென்றமை வெளிப்பட்டது. உழைத்தவர் பதிவேட்டுக்கு வெளியே நிற்க, உழாதவர் உள்ளே நுழைந்தனர். ஆனால் 2021இல் தமிழ்நாட்டு அரசு அரிசி அட்டை உடைய ஏறத்தாழ 2 கோடியே 7 இலட்சம் குடும்பங்களுக்கு 4,000 ரூபாயை இரு தவணைகளில் வழங்கியபொழுது, உணவுப் பங்கீட்டு அட்டையே பதிவேடாயிற்று. நிலமுடையவரும் நிலமற்றவரும் ஒரே வரிசையில் நின்று அதனைப் பெற்றனர்.

அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் பண்ணையாளர்க்கு நேரடியாக 16 பில்லியன் டாலர் அறிவிக்கப்பட்டது. அது விளைபொருளின் உடைமையாளரை நோக்கியது. பண்ணைகளிலும் இறைச்சிக் கூடங்களிலும் உழைத்தவர்க்கெனத் தனியாக 700 மில்லியன் டாலர் திட்டம் அறிவிக்கப்பட்டது 2021 செப்டம்பரில்தான். ஒருவருக்கு 600 டாலர் வரை, தொண்டமைப்புகள் முதலியவற்றின் வழி வழங்குவதாக அது அமைந்தது. உடைமையாளர்க்கும் உழைப்பவர்க்கும் இடையே ஒன்றரை ஆண்டு இடைவெளி இருந்தது எனினும், உழைப்பவர் தனி வகையாக ஏற்கப்பட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. மலேசியாவில் தோட்டத் தொழிலாளர்க்கு அத்தகைய தனித் திட்டம் அமையவில்லை.

பெருந்தொற்றுக்குப் பின்

பெருந்தொற்றுக்குப் பின் மலேசிய அரசு பதிவேடுகளை ஒருங்கிணைக்க முற்பட்டது. 2024 சனவரியில் 'பாடு' என்னும் மையத் தரவுத்தளம் தொடங்கப்பட்டு, மார்ச்சு இறுதி வரை மக்கள் தம் விவரங்களைப் பதியுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். 2025இல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவர்க்கும் ஒருமுறை உதவியாக 100 ரிங்கிட் அடையாள அட்டை வழி வழங்கப்பட்டது. வருமானமும் கேட்கப்படவில்லை, தொழிலும் கேட்கப்படவில்லை. உதவி, நிலப் பதிவேட்டிலிருந்து குடும்பப் பதிவேட்டுக்கும், அங்கிருந்து அடையாள அட்டைக்கும் நகர்ந்து வந்துள்ளமை இதனால் விளங்கும். இந்நகர்வு தோட்டத் தமிழர்க்கு நன்மையே. ஆனால் அடையாள அட்டை ஒன்றே வாயில் ஆகும்பொழுது, அவ்வட்டை இல்லாதவர் முன்னிலும் முழுமையாக வெளியே நிற்பர்.

ஆசிரியரும் சேர்க்கைப் பதிவேடும்

இவ்விடத்தில் தமிழாசிரியர்களின் கவனத்துக்கு ஒன்றைக் கொண்டுவருதல் இக்கட்டுரையாளரின் கடமையாகிறது. மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டங்களில் பிறந்தவை. தோட்டங்கள் விற்கப்பட்டபொழுதும், வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபொழுதும், நிருவாக அலுவலகங்களில் இருந்த பெயர்ப் பதிவேடுகள் பெரும்பாலும் மறைந்தன. பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு மட்டும், பேணப்பட்ட இடங்களில், எஞ்சியுள்ளது. மாணவரின் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், வாழ்ந்த இடம் ஆகியவற்றை அது தாங்கி நிற்கிறது. நிலப் பதிவேட்டில் ஏறாத ஒரு மக்களின் பெயர் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட ஏடு அதுவேயாகும்.

ஆவணம் இழந்த முதியவர் ஒருவர் இந்நாட்டில் பிறந்து வளர்ந்தமையை நிறுவ முற்படும்பொழுது, அப்பழைய ஏட்டின் ஒரு வரி துணைச்சான்றாக அமையக்கூடும். ஆகவே கரையான் அரித்தும் மழைநீரில் ஊறியும் கிடக்கும் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் படியெடுத்துப் பாதுகாத்தல், பள்ளிகள் இடம் பெயரும்பொழுது அவற்றைக் குப்பையில் சேராது காத்தல் ஆகியன உடனே மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். உரிய தனிமறைவைப் பேணி இவற்றை ஆய்வுக்கும் சான்றுக்கும் பயன்படுத்துவதில் பல்கலைக்கழகத் துறைகளும் துணை நிற்கலாம். அரசு அறிவிப்புகளைத் தமிழில் தருவோர் 'பெலாடாங்', 'பெக்கெபுன் கெச்சில்', 'பெக்கெர்ஜா லாடாங்' ஆகியவற்றை முறையே விவசாயி, சிறுதோட்ட உடைமையாளர், தோட்டத் தொழிலாளர் எனப் பிரித்துத் தருவதும் இதனோடு சேர்ந்த கடமையே.

முடிவுரை

1930இல் தோட்டத் தமிழர்க்குக் கப்பல் சீட்டும், 2020இல் அவர்தம் குடும்பத்துக்கு 1,600 ரிங்கிட்டும் கிடைத்தன. இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் பெரிது. வெளியேற்றத்தக்க தொழிலாளி, உதவிக்குரிய குடிமகன் ஆனமை அம்மாற்றமாகும். ஆனால் அவர் உழவராக ஏற்கப்பட்டமையால் அவ்வுதவி வரவில்லை. ஒரு பதிவேட்டில் அவர் பெயர் இருந்தமையால் வந்தது. பெயர் இல்லாதவர்க்கு வரவில்லை.

சின்னம்மாவின் வினாவுக்கு அன்று தரப்பட்ட விடை, "உங்களுக்கும் உண்டு, ஆனால் விவசாயி என்பதால் அன்று" என்பதே. அவருக்கும் தொகை வந்து சேர்ந்தது. அதே தோட்டத்தில் சிவப்பு அட்டையுடன் வாழ்ந்த, அவர் வயதை ஒத்த அண்டை வீட்டார் ஒருவர்க்கு வரவில்லை. இருவரும் ஒரே தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்கள். அப்பள்ளியின் அக்கால ஏடு இன்றும் இருக்குமாயின், இருவர் பெயரும் அதில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருத்தல் கூடும். அதனைத் தேடிக் கண்டெடுத்தல் நம்மால் இயல்வதே.